ஒரே சஹனில் ஒரு வாஃபிள்

வாஃபிள் என்றதும் நம்மில் பலருக்குக் கொழும்புக் கடைகளில் ஐஸ்கிரீமும் சொக்லட்டும் வழிய வழியத் தரும் விலை கூடிய இனிப்புத்தான் நினைவுக்கு வரும். நான் எழுத வந்தது அதைப் பற்றியல்ல. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டுக் குசினியில், ஆட்டா மாவில், சீனி போடாமல் நாங்கள் சுடுகின்ற வாஃபிளைப் பற்றித்தான். அது பிளேன்ரீயோடு சாப்பிடும் ஒரு சாதாரணச் சாப்பாடு. ஆனால் எங்கள் வீட்டில் அது செய்த வேலை சாதாரணமானதல்ல.

முதலில் அந்தப் பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ஆங்கிலத்தில் வழங்கும் வாஃபிள் என்ற சொல் ஒல்லாந்த மொழியிலிருந்து வந்தது. தேனடையைக் குறிக்கும் பழைய சொல்லொன்றோடு அதற்கு உறவு உண்டு. அதன் கட்டம் கட்டமான குழிகளைப் பார்த்தால் காரணம் விளங்கும். அதே ஒல்லாந்தர்தான் 1658 முதல் 1796 வரை நமது நாட்டின் கரையோரங்களை ஆண்டார்கள். நாம் இன்றும் சொல்லும் 'கந்தோர்' அவர்களுடைய சொல். சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள அயலவர்கள் நம் வீடுகளுக்கு அனுப்பும் தட்டில் பூப்போல இருக்குமே கொக்கிஸ், அதன் பெயரும் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். கொக்கிஸுக்குச் சூடான இரும்பு அச்சை அரிசி மாக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் பொரிப்பார்கள். வாஃபிளுக்குக் கரைசலை இரண்டு சூடான இரும்புத் தட்டுகளுக்கு நடுவே ஊற்றி மூடிச் சுடுவார்கள். ஆகவே வாஃபிளை முற்றிலும் அந்நியப் பண்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொக்கிஸுக்குத் தூரத்துச் சொந்தம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக நீண்ட கைபிடி வைத்த இரும்பு அச்சை விறகு நெருப்பில் பிடித்துத்தான் இதைச் சுட்டார்கள். அடுப்பின் மேல் வைத்துத் திருப்பக்கூடிய அச்சுக்கு அமெரிக்காவில் ஒருவர் 1869 ஓகஸ்ட் 24 ஆம் திகதி காப்புரிமை பெற்றார். மின்சாரத்தில் இயங்கும் மெஷின் இருபதாம் நூற்றாண்டில் வந்தது.

எங்கள் வீட்டுக்கு அது வந்தது 2021 ஆம் ஆண்டின் கடைசியில். கட்டாரில் வேலை செய்யும் நானா விடுமுறையில் வந்தபோது பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தார். சதுர முள் பிளக். எங்கள் பழைய வீட்டிலோ எல்லாம் வட்டத் துளைகள். அதற்கு ஒரு அடெப்டர் வாங்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே 2022 வந்துவிட்டது. அந்த வருடத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கேஸ் வரிசை, எண்ணெய் வரிசை, பால்மா வரிசை. கோதுமை மாவின் விலையைக் கேட்டு உம்மா கடையில் பையை மடித்துக்கொண்டு திரும்பி வந்த நாட்கள் உண்டு. வாஃபிள் மெஷின் அலுமாரிக்கு மேல் ஏறியது. அதற்குப் பிறகு அதை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

அதைக் கீழே இறக்கக் காரணம் வாப்பாவுக்கு வந்த சீனி வருத்தம்.

வாப்பா மாவனல்லையில் சின்னதாக ஒரு புடவைக் கடை வைத்திருக்கிறார். போன வருடம் இரத்தப் பரிசோதனை செய்தபோது நீரிழிவு என்று சொன்னார்கள். மாதா மாதம் கிளினிக். காலையிலும் இரவிலும் குளிசை. உம்மா அன்றே வீட்டின் சட்டங்களை மாற்றினார். வாப்பாவுக்குக் குரக்கன் ரொட்டி, வாப்பாவுக்குச் சீனி இல்லாத தேத்தண்ணி, வாப்பாவுக்கு வேறு கோப்பை. எல்லாம் அன்பினால் செய்ததுதான். ஆனால் கொஞ்ச நாளில் வேறொன்று நடந்தது. வாப்பா எங்களோடு சாப்பிட உட்காருவதை நிறுத்திக்கொண்டார். "நீங்க சாப்பிட்டு முடிங்க மகள், நான் பொறகு சாப்பிடுறன்" என்பார். எல்லாரும் எழும்பிய பிறகு, மூடி வைத்த அந்த இரண்டு ரொட்டியைக் குசினி மேசையில் தனியே இருந்து சாப்பிடுவார். மேசைக்கு முன்னால் சுவர் மட்டுந்தான்.

ஏழு வயதுத் தம்பி ஒருநாள் உம்மாவிடம் கேட்டான், "வாப்பா நம்மளோட கோவமா?" உம்மா பதில் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டார்.

நம் சமூகத்தில் இது எவ்வளவு பெரிய விடயம் என்று உங்களுக்குத் தெரியும். நம்முடைய கலியாண வீடுகளில், கந்தூரிகளில், ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்காருகிறோம். முதலாளியும் தொழிலாளியும் ஒரே சஹனில் கை வைக்கிறார்கள். சேர்ந்து உண்பதில் பரக்கத் உண்டு என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தருகிறார்கள். ஆறு பேரில் ஒருவர் கை வைக்காமல் இருந்தால் மற்ற ஐந்து பேருக்கும் சோறு இறங்காது. "கொஞ்சம் எடுங்க ஹாஜியார், ஒண்ணும் ஆகாது" என்று ஆளாளுக்கு வற்புறுத்துவார்கள். அதற்குப் பயந்து வாப்பா வலீமாக்களுக்குப் போவதையும் குறைத்துக்கொண்டார். கவரை எங்கள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடுவார். சீனி வருத்தம் அவருடைய உடம்பில்தான் வந்தது. ஆனால் அது அவரைச் சஹனை விட்டும் எழுப்பிவிட்டதே என்பதுதான் என் கவலை.

அப்போதுதான் எங்கள் உம்மம்மா ஒரு வார்த்தை சொன்னார். "ஒருத்தருக்கு மட்டும் ஆக்கினா அது மருந்து. எல்லாருக்கும் ஆக்கினாத்தான் மகள் சாப்பாடு." வாப்பாவுக்கு ஏற்றதாகவும், தம்பி விரும்பிக் கேட்பதாகவும், உம்மம்மாவின் பல்லுக்கு மெதுவாகவும் இருக்கின்ற ஒரு சாப்பாடு வேண்டும். குரக்கன் ரொட்டியைத் தம்பி தொடமாட்டான். பாணும் பட்டரும் வாப்பாவுக்கு ஆகாது. யோசித்துக்கொண்டிருந்தபோது அலுமாரிக்கு மேலிருந்த பெட்டி என் கண்ணில் பட்டது.

கோதுமையைப் பற்றி மனைப்பொருளியல் பாடத்தில் படித்திருக்கிறோம். ஒரு கோதுமை மணியில் மூன்று பகுதிகள் உண்டு. வெளியே தவிடு, உள்ளே முளையம், மிகுதியாக நிறைந்திருப்பது வித்தகவிழையம். மணியின் நிறையில் ஏறத்தாழ 83 வீதம் இந்த வித்தகவிழையந்தான். நாம் வழக்கமாகக் கடையில் வாங்கும் வெள்ளைக் கோதுமை மா அதை மட்டும் அரைத்துச் சலித்தது. தவிட்டிலும் முளையத்திலும் உள்ள நார்ப்பொருளும், பீ வகை விற்றமின்களில் பெரும்பங்கும், இரும்பும் அதோடு போய்விடும். ஆட்டா என்று நாம் சொல்லும் முழுக் கோதுமை மாவில் மூன்றும் இருக்கும். 100 கிராம் வெள்ளை மாவில் ஏறத்தாழ 3 கிராம் நார்ப்பொருள் என்றால், அதே அளவு முழுக் கோதுமை மாவில் 10 கிராமுக்கு மேல் உண்டு.

தவிடு நல்லது. ஆனால் சமையலில் அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மாவை நீரோடு குழைக்கும்போது குளூட்டன் என்ற புரதம் வலைபோல உருவாகி, காற்றைப் பிடித்து வைத்துப் பண்டத்தைப் பொங்கச் செய்கிறது. தவிட்டின் கூரான துகள்கள் அந்த வலையை அங்கங்கே அறுத்துவிடுகின்றன. அதோடு தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். ஆகவே வெள்ளை மாவுக்கு எழுதிய செய்முறையில் மாவை மட்டும் மாற்றிவிட்டால் போதாது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை பரிசோதனையாகவே செய்தேன். ஒரே கரைசலை இரண்டு பாத்திரங்களில் பிரித்தேன். முதலாவதில் உடனே பேக்கிங் பவுடர் சேர்த்துச் சுட்டேன். இரண்டாவதை மூடி 20 நிமிடம் வைத்து, அதற்குப் பிறகு பேக்கிங் பவுடர் சேர்த்துச் சுட்டேன். இரண்டையும் எந்தப் பாத்திரத்து மா என்று சொல்லாமல் தம்பியிடம் கொடுத்தேன். முதலாவதைக் கடித்துவிட்டு "மண் மாதிரி நறநற எண்டு ஈக்கிது" என்றான். இரண்டாவதில் அந்தப் பேச்சே இல்லை. 20 நிமிடத்தில் தவிடு நனைந்து இளகி, தளதளவென்றிருந்த கரைசலும் தடித்திருந்தது.

இன்னொன்றையும் பார்த்தேன். சுட்ட வாஃபிளைப் பீங்கானில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் அடிப்பக்கம் வியர்த்து நமுத்துவிடுகிறது. உள்ளே இருக்கும் நீராவி வெளியேற வழியில்லாததுதான் காரணம். வெளிநாட்டவர்கள் இதற்குக் கம்பித் தட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது இல்லை. உம்மம்மா உடனே இடியப்பத் தட்டுகளை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். பின்னலுக்கு இடையால் ஆவி போயிற்று. வாஃபிள் மொறுமொறுப்பு மாறாமல் இருந்தது. அதற்கு அதைவிடப் பொருத்தமான தட்டு உலகத்தில் இருக்காது என்று நினைக்கிறேன்.

நான் மிக யோசித்தது சீனியைப் பற்றித்தான். வழக்கமான செய்முறைகளில் மாவிலேயே சீனி கலப்பார்கள். கலந்துவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. வாப்பாவுக்குத் தனியாகச் சுட வேண்டி வரும், மறுபடியும் தனிக் கோப்பைதான். ஆகவே மாவில் சீனியே போடவில்லை. இனிப்பு வேண்டியவர் மேலே ஊற்றிக்கொள்ளலாம். மா எல்லாருக்கும் ஒன்று, மேலே வைப்பது அவரவர் விருப்பம். வாஃபிளின் குழிகள் இருப்பதே அதற்குத்தானே. கித்துள் பாணியும் தங்கும், கோழிக்கறியின் ஆணமும் தங்கும்.

அந்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, பாயை விரித்துப் பெரிய சஹனை நடுவில் வைத்தோம். வாஃபிள்களை நான்கு கால்களாக வெட்டி அதில் அடுக்கினோம். சுற்றிவரச் சின்னக் கோப்பைகள். ஒன்றில் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுக் கிண்டிய முட்டை, ஒன்றில் வெள்ளரிக்காயும் தக்காளியும், ஒன்றில் கெட்டியான பருப்பு, ஒன்றில் தயிர், தம்பிக்காகச் சிறிதளவு கித்துள் பாணி. வாப்பா கடையிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு வழக்கம்போலக் குசினிப் பக்கம் போனார். அங்கே அவருக்கென்று ஒன்றும் மூடி வைத்திருக்கவில்லை.

"வாப்பாட சாப்பாடு எங்க?" என்று கேட்டார்.

"இதுதான் வாப்பா. எல்லாருக்கும் இதுதான்" என்றேன்.

"சீனி?"

"இல்ல. ஆட்டா மா. நான்தான் கரைச்ச."

அவர் ஒன்றும் சொல்லாமல் சஹனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லி ஒரு காலை எடுத்து, முட்டையை வைத்து மடித்தார். தம்பி அவருடைய முழங்காலோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அன்று யாரும் பெரிதாக எதுவும் பேசவில்லை. உம்மா மட்டும் இரண்டு தரம் தேத்தண்ணி ஊற்ற எழும்பினார். இரண்டாவது தரம் யாருடைய கோப்பையும் காலியாக இருக்கவில்லை.

இந்த இடத்தில் பெற்றோருக்கும் தோழிகளுக்கும் ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆட்டா மா மருந்தல்ல. அதிலும் பெரும்பகுதி மாப்பொருள்தான். நன்றாக நுணுக்கி அரைத்த ஆட்டா மா இரத்தத்தில் சீனியை உயர்த்துவதில் வெள்ளை மாவை விட வெகுதூரம் பின்னால் நிற்பதில்லை. கிளினிக்கில் வாப்பாவோடு போய் நானே கேட்டேன். அங்கிருந்த தாதி பொறுமையாக விளக்கினார். பாணுக்கோ சோற்றுக்கோ பதிலாகச் சாப்பிடலாம், அதற்கு மேலதிகமாக அல்ல. அளவு முக்கியம். முட்டை, பருப்பு, மரக்கறி கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டும். குளிசையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. எங்கள் கணக்கில் ஒரு முழு வாஃபிளில் 48 கிராம் மா இருக்கிறது. அது இரண்டு துண்டுப் பாணுக்குக் குறையாது. ஆகவே வாப்பாவின் பங்கு இரண்டு கால், அதாவது அரை வாஃபிள். அவர் பாணியைத் தொடுவதில்லை. பாணியும் சீனிதான், கித்துள் மரத்திலிருந்து வந்தாலும். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு விரல் நுனியில் குத்திப் பார்ப்பார். அந்த இலக்கத்தை நான் இங்கே எழுதவில்லை. அது அவருக்கும் வைத்தியருக்கும் உரியது.

செய்ய விரும்புகிறவர்களுக்காக எங்கள் அளவைத் தருகிறேன். இது ஐந்து வட்ட வாஃபிளுக்குப் போதும்.

ஆட்டா மா 2 கப், அதாவது ஏறத்தாழ 240 கிராம். பால் ஒன்றே முக்கால் கப். முட்டை 2. எண்ணெய் அல்லது உருக்கிய பட்டர் கால் கப். பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி. உப்பு அரைத் தேக்கரண்டி. கறுவாத்தூள் அரைத் தேக்கரண்டி.

முட்டையின் வெள்ளைக்கருவையும் மஞ்சள்கருவையும் பிரித்து வையுங்கள். மா, உப்பு, கறுவாத்தூள், பால், எண்ணெய், மஞ்சள்கரு எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கலந்து மூடி 20 நிமிடம் வையுங்கள். வெள்ளைக்கருவை நுரை கட்டி நிற்கும்வரை அடியுங்கள். மெஷினைச் சூடாக்குங்கள். கரைசலில் பேக்கிங் பவுடரைச் சல்லடையால் தூவிக் கலந்து, கடைசியாக வெள்ளைக்கரு நுரையைக் கரண்டியால் மெதுவாக மடித்துச் சேருங்கள். வேகமாகக் கலக்கினால் நுரை உடைந்து காற்றெல்லாம் போய்விடும். வெள்ளை மாவைப்போலப் பொங்காத ஆட்டாவுக்கு அந்தக் காற்றுத்தான் கைகொடுக்கிறது.

தட்டுக்கு இலேசாக எண்ணெய் தடவி, ஒரு வட்டத்துக்கு வேண்டிய கரைசலை ஊற்றி மூடுங்கள். பக்கங்களால் ஆவி வரும். அந்த ஆவி நிற்கும்வரை மூடியைத் திறக்க வேண்டாம். அவசரப்பட்டுத் திறந்தால் வாஃபிள் மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிந்துவிடும். எங்கள் மெஷினில் ஒன்றுக்கு ஐந்து நிமிடம் பிடிக்கிறது. சீனி போடாததால் நிறம் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும், பொறுத்திருங்கள். மெஷின் 900 வாட். ஐந்தையும் சுட ஏறத்தாழ அரை மணித்தியாலம். ஆகவே கூடிப்போனால் அரை யூனிட்டுக்குள் வேலை முடிந்துவிடும். மெஷின் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இதே கரைசலைத் தோசைக்கல்லில் தடிப்பாக ஊற்றி மூடிச் சுடலாம். குழிகள் இருக்காது, சுவை இருக்கும்.

இன்னும் ஒரு குறிப்பு. ஆட்டா மாவில் முளையத்தின் எண்ணெய் இருப்பதால் அது வெள்ளை மாவை விட விரைவில் காறல் வாடை எடுக்கும். சின்னப் பக்கற்றாக வாங்கி, காற்றுப் புகாத போத்தலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வாங்கும்போது முழுக் கோதுமை மா என்று எழுதியிருக்கிறதா என்று பக்கற்றை வாசித்துப் பாருங்கள். மண்ணிறமாக இருப்பதெல்லாம் முழுக் கோதுமை அல்ல.

தோழிகளே, நம்மில் எத்தனை பேருடைய வீட்டில் ஒரு வாப்பாவோ உம்மம்மாவோ தனிக் கோப்பையில் சாப்பிடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெயர் இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியதைத் தனியே சமைத்து மூடி வைப்பது ஒரு வகை அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் நோயாளிக்கு நல்லதாக இருக்கும் சாப்பாடு நமக்குக் கெட்டதாக இருக்கப் போவதில்லை. வாரத்தில் ஒரு நேரமாவது எல்லாருக்கும் ஒரே சாப்பாட்டை ஆக்கிப் பாருங்கள். வாஃபிளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. குரக்கன் பிட்டாக இருக்கலாம், பயற்றங்கஞ்சியாக இருக்கலாம்.

போன மாதம் சொந்தக்காரர் ஒருவரின் வலீமாவுக்கு வாப்பா எங்களோடு வந்தார். ஆண்கள் பக்கம் நடந்ததை நானாதான் பிறகு சொன்னார். அவர் விடுமுறையில் வந்திருந்தார். வாப்பா சஹனில் உட்கார்ந்ததும் வழக்கம்போல ஒருவர் வட்டிலப்பத்தை அவர் பக்கம் தள்ளினாராம். வாப்பா சிரித்துக்கொண்டே, "எனக்கு இந்தக் கோழியும் சலாதும் போதும், வட்டிலப்பத்த நீங்க அஞ்சு பேரும் பங்கு போட்டுக்கொள்ளுங்க" என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு யாரும் வற்புறுத்தவில்லையாம். அந்த ஐந்து பேரும் நன்றாகச் சாப்பிட்டார்களாம். வாப்பாவும் கடைசி வரை எழும்பவில்லையாம்.